பிடுங்குவதா, காப்பாற்றுவதா: கீழ்க் கடைவாய்ப்பல்லில் முடிவெடுக்கும் வழி

கீழ்த்தாடையின் முதல் கடைவாய்ப்பல் 6 வயதிலேயே முளைத்துவிடும். பால்பல் எதுவும் விழாமல் வரிசையின் கடைசியில் தனியாக வருவதால், அதையும் பால்பல் என்று எண்ணி, 'விழுந்து முளைக்கும்' என்று பல வீடுகளில் விட்டுவிடுகிறார்கள். அது விழாது, மறுபடி முளைக்கவும் முளைக்காது. வாயிலேயே அதிக வருடம் மெல்லும் பல் அது. முதலில் சொத்தையாவதும் பெரும்பாலும் அதுதான். "ரூட் கேனால் பண்ணி கேப் போடலாம், இல்லையென்றால் எடுத்துவிட்டு இம்ப்ளான்ட் வைக்கலாம், நீங்களே சொல்லுங்கள்" என்று மருத்துவர் கேட்கும் பல்லும் பெரும்பாலும் இதுவே. (ரூட் கேனால் என்பது பல்லுக்குள் இருக்கும் நரம்பை எடுத்து, வேருக்குள் ஓடும் கால்வாய்களைச் சுத்தம் செய்து அடைப்பது. கேப் என்பது பல்லின் மேல் மாட்டும் உறை. இம்ப்ளான்ட் என்பது தாடை எலும்பில் பொருத்தும் செயற்கை வேர்.) அதனால் இந்த ஒரு பல்லை வைத்தே முடிவெடுக்கும் முறையைச் சொல்கிறோம். மற்ற பற்களுக்கு எங்கே மாறுமோ அங்கே மட்டும் தனியாகக் குறிப்பிடுகிறோம்.

வலியும் சீழும் முடிவைச் சொல்லாது

இரவெல்லாம் தூங்கவிடாத வலி வந்தால் 'பல் போச்சு' என்று பலர் முடிவுகட்டிவிடுகிறார்கள். அந்த வலி பல்லுக்குள் இருக்கும் நரம்பும் ரத்தக்குழாயும் வீங்குவதால் வருவது. நரம்பு செத்தாலும் பல் சாவதில்லை. வேரைச் சுற்றியுள்ள மெல்லிய நார்ச்சவ்வுதான் பல்லை எலும்பில் பிடித்து வைத்திருக்கிறது. அந்தச் சவ்வு உயிரோடு இருக்கும்வரை நரம்பில்லாத பல் பல்லாண்டு மெல்லும்.

எக்ஸ்ரேயில் வேர் நுனியில் கருப்பாகத் தெரிவதும் அப்படித்தான். அது எலும்பு கரைந்த இடம். கிருமி போனால் எலும்பு திரும்ப வளரும். சிறியது 6 மாதத்திலிருந்து ஒரு வருடத்தில் மூடிவிடும், பெரியதற்கு 4 வருடம்கூட ஆகலாம். கன்னம் வீங்கியிருக்கிறது, ஈறில் சீழ்க்கொப்புளம் இருக்கிறது என்பதற்காக மட்டும் பல்லை எடுக்கத் தேவையில்லை.

ஆன்டிபயாடிக் மாத்திரையால் இது தீராது. செத்த நரம்புக்குள் ரத்தம் ஓடுவதில்லை என்பதால் மருந்தும் உள்ளே போகாது. வீக்கம் வடிந்து, சில வாரம் கழித்துத் திரும்ப வரும். ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள்: வீக்கம் தாடைக்கு அடியில் இறங்கினாலோ, நாக்கு மேலே தூக்கினாலோ, விழுங்கவோ மூச்சுவிடவோ வாய் திறக்கவோ சிரமமானாலோ, பல் கிளினிக் திறக்கும்வரை காத்திருக்கக் கூடாது. நேராகப் பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்.

முடிவைச் சொல்பவை மூன்று: ஈறுக்கு மேல் எவ்வளவு திடமான பல் மிச்சம், வேரில் விரிசல் உண்டா, சுற்றி எலும்பு எவ்வளவு.

எவ்வளவு பல் மிச்சம் இருக்கிறது

இதை எக்ஸ்ரே பார்த்து மட்டும் சொல்ல முடியாது. பழைய சிமெண்ட்டையும் சொத்தையையும் முழுதாகச் சுரண்டி எடுத்த பிறகே தெரியும். ஆகவே, "முதலில் சொத்தையை எடுத்துப் பார்த்துவிட்டு, காப்பாற்றலாமா என்று சொல்லுங்கள்" என்று மருத்துவரிடம் கேட்பதே முதல் வேலை. அரை மணி நேர வேலைதான். இதைச் செய்யாமல் ரூட் கேனாலை முடித்துவிட்டு, கேப் போடும் நாளில் 'பிடிப்பதற்குப் பல் இல்லையே' என்று நிற்பது அடிக்கடி நடக்கிறது.

சொத்தை போன பிறகு, ஈறு விளிம்புக்கு மேல் பல்லின் சுவர் சுற்றிலும் குறைந்தது 2 மி.மீ. உயரமும் 1 மி.மீ. தடிப்பும் இருக்க வேண்டும். மாட்டுவண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டை போடுவதை நினைத்துக்கொள்ளுங்கள். பட்டை மரத்தைச் சுற்றி இறுக்கிப் பிடிப்பதால்தான் சக்கரம் பிளக்காமல் ஓடுகிறது. கேப் செய்வதும் அதே வேலை. அது கவ்வுவது திடமான பல்லாக இருக்க வேண்டும், சிமெண்ட்டாக இருந்தால் பயனில்லை. பட்டை கவ்வ இடமில்லாத பல்லில் கேப் கழன்று வரும், அல்லது வேர் பிளக்கும். ஒரு பக்கச் சுவர் மட்டும் குறைந்தால் பெரும்பாலும் சமாளிக்கலாம். மூன்று பக்கமும் ஈறுக்குக் கீழே போயிருந்தால் ஆசைப்படுவதில் பொருளில்லை.

வேருக்குள் போஸ்ட் என்ற சிறு தண்டை வைத்து 'பலப்படுத்தலாம்' என்று சொன்னால் கவனமாகக் கேளுங்கள். போஸ்ட் பல்லைப் பலப்படுத்தாது. மேலே கட்டும் சிமெண்ட் விழாமல் தாங்குவதே அதன் வேலை. அதை வைக்க வேருக்குள் குடைவதால் வேர் மெலியத்தான் செய்யும்.

சொத்தை ஈறுக்குச் சற்றுக் கீழே போயிருந்தால், ஈறையும் எலும்பையும் கொஞ்சம் குறைத்துப் பல்லை வெளியே காட்டும் சிறு அறுவை உண்டு. முன்பல்லிலும் சிறு கடைவாய்ப்பல்லிலும் இது நன்றாக நடக்கும். ஒற்றை வேர்ப் பல்லானால் கிளிப் மாதிரிக் கம்பி போட்டு வேரை மெதுவாக மேலே இழுத்தும் இடம் பிடிக்கலாம். கீழ்க் கடைவாய்ப்பல்லில் இரண்டு வேர்களும் பிரியும் கவட்டை, பல்லின் கழுத்திலிருந்து 3 அல்லது 4 மி.மீ. கீழேயே வந்துவிடுகிறது. எலும்பைக் குறைத்தால் கவட்டை வெளியே தெரியும், அதற்குள் உணவு சிக்கும், பிரஷ் போகாது. அங்கே இந்த அறுவையை யோசித்துத்தான் செய்ய வேண்டும்.

விரிசலைக் கண்டுபிடிப்பது

மூன்றிலும் கடினமானது இது. வேரில் மேலிருந்து கீழாக ஓடும் விரிசல் முடிமாதிரி மெல்லியது. எக்ஸ்ரேயில் அநேகமாகத் தெரியாது. வேருக்குள் ஏற்கெனவே அடைப்போ போஸ்ட்டோ இருந்தால், ஸ்கேனிலும் அது எறியும் கோடுகள் விரிசலை மறைத்துவிடும். அதனால் கையால்தான் தேட வேண்டும்.

மில்லிமீட்டர் குறி போட்ட மெல்லிய கம்பியை ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே விட்டு, பல்லைச் சுற்றி அடி அடியாக நகர்த்தி அளப்பார்கள். பக்கத்தில் இருக்கும் உதவியாளர் எண்களை எழுதுவார்: 3, 2, 3, 3, 9, 3, 2. நடுவில் வந்த அந்த ஒற்றை 9-ஐக் கவனியுங்கள். ஈறு நோய் என்றால் பள்ளம் அகலமாக இருக்கும், பக்கத்து எண்களும் 5, 6 என்று ஏறியிருக்கும். சுற்றிலும் 3 இருக்க, கம்பி ஒரே புள்ளியில் மட்டும் சரேலென்று 9 மி.மீ. இறங்குகிறது என்றால் வேரில் விரிசல் ஓடியிருக்கிறது என்ற சந்தேகம் வலுவாகிறது. கம்பியை வேகமாக நாலு இடத்தில் மட்டும் குத்திப் பார்த்தால் இந்தக் குறுகிய பள்ளம் தப்பிவிடும். நெருக்கி நெருக்கி அளக்கச் சொல்லுங்கள். செத்த நரம்பின் சீழும் சில சமயம் இதேபோல ஒரு வழி பண்ணிக்கொண்டு ஈறோரம் வடியும், ஆனால் அது ரூட் கேனால் செய்த சில வாரங்களில் மூடிவிடும். விரிசலின் பள்ளம் மூடாது.

வேறு அடையாளங்களும் உண்டு. கடிக்கும்போது வராத வலி, கடியை விடும்போது சுரீரென்று வருவது. சீழ்க்கொப்புளம் வேர் நுனிக்கு நேரே இல்லாமல் ஈறு விளிம்புக்கு அருகே இருப்பது. பல வருடங்களுக்கு முன்பு ரூட் கேனாலும் போஸ்ட்டும் வைத்த பல் திடீரெனத் தொல்லை கொடுப்பது.

விரிசல் பல்லின் மேற்பகுதியோடு நின்றிருந்தால் கேப் போட்டுக் காப்பாற்றலாம். பல்லின் உள் தரையைக் கடந்து ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் ஓடியிருந்தாலோ, வேரே பிளந்திருந்தாலோ பல்லை எடுத்தாக வேண்டும். பசை வைத்து ஒட்டுவதெல்லாம் நிலைக்காது. தள்ளிப்போட்டால் விரிசல் வழியே கிருமி இறங்கி எலும்பைத் தின்னும், பிறகு இம்ப்ளான்ட்டுக்கும் எலும்பு இருக்காது. இந்த ஒரு இடத்தில் தாமதம் நேரடியாக நஷ்டம்.

எலும்பும் ஆட்டமும்

ஈறுப் பள்ளம் 3 மி.மீ. வரை இயல்பு. 4, 5 மி.மீ. என்றால் வேர்ப்பகுதியைச் சுத்தம் செய்தால் பெரும்பாலும் அடங்கும். 6-க்கு மேல் என்றால் ஈறு நிபுணர் பார்க்க வேண்டும். பல் பக்கவாட்டில் ஒரு மில்லிமீட்டருக்குள் ஆடினால் பயப்பட வேண்டாம். அமுக்கினால் மேலும் கீழும் போய்வருகிறது என்றால் தாங்க எலும்பில்லை. வேரின் நீளத்தில் பாதிக்காவது எலும்பு பிடித்திருப்பது நல்லது.

சீழ் கட்டியிருக்கும்போது பல் தற்காலிகமாக அதிகம் ஆடும், பக்கத்துப் பல்லைவிட உயரமாகவும் தோன்றும். அன்றைக்கு அளந்து முடிவெடுக்கக் கூடாது. சீழை வடியவிட்டு, இரண்டு மூன்று வாரம் கழித்து அளக்க வேண்டும்.

ஈறு நோயால் பல் ஆடுகிறவர்கள், 'எல்லாவற்றையும் எடுத்துவிட்டு இம்ப்ளான்ட் வைத்தால் தொல்லை விட்டது' என்று நினைப்பது பெரிய தவறு. பல்லைச் சுற்றி எலும்பைத் தின்ற அதே கிருமிக்கூட்டம் இம்ப்ளான்ட்டைச் சுற்றியும் தின்னும். இம்ப்ளான்ட்டுக்கு நார்ச்சவ்வு கிடையாது, ஈறும் அதை அவ்வளவு இறுக்கமாகப் பிடிப்பதில்லை. அதனால் அங்கே எலும்பு கரைய ஆரம்பித்தால் வேகமாகப் போகும், நிறுத்துவதும் கடினம். முதலில் ஈறு நோய் அடங்க வேண்டும், இம்ப்ளான்ட்டை அதற்குப் பிறகு யோசிக்கலாம்.

முன்பே ரூட் கேனால் செய்து கெட்டுப்போன பல்

'ஒருமுறை செய்து தோற்றுவிட்டது, இனி எடுப்பதுதான் வழி' என்பது பெரும்பாலும் அவசரம். ஏன் தோற்றது என்று முதலில் கேட்க வேண்டும். கீழ் முதல் கடைவாய்ப்பல்லில் பெரும்பாலும் 3 கால்வாய் இருக்கும், பலருக்கு 4. மேல் முதல் கடைவாய்ப்பல்லின் முன்வேரில் இரண்டாவதாக ஒரு நூலளவு கால்வாய் பெரும்பாலும் உண்டு, அது தவறிப்போவது சாதாரணம். விட்டுப்போன கால்வாயோ, நுனிவரை போகாத அடைப்போ காரணம் என்றால் பழையதை எடுத்துவிட்டு மறுபடி செய்யலாம். நுண்ணோக்கி வைத்திருக்கும் ரூட் கேனால் நிபுணரிடம் போவது இங்கே உண்மையிலேயே பலன் தரும். கால்வாயைச் சுரண்டும் சிறு ஊசி உள்ளே உடைந்து கிடப்பதே பல்லை எடுக்கக் காரணமாகாது. மேலிருந்து போக வழியில்லை என்றால் ஈறைத் திறந்து வேரின் கடைசி 3 மி.மீ.-ஐ வெட்டி, பின்புறமாக அடைக்கும் சிறு அறுவை இருக்கிறது. தோல்விக்குக் காரணம் விரிசல் என்றால் மட்டும் மறுபடி செய்வது வீண் செலவு.

உடம்பையும் கணக்கில் சேர்க்க வேண்டும்

சர்க்கரை உள்ளவர்கள் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ1சி பரிசோதனையை எடுத்துக்கொண்டு போகவும். 7 அளவில் இருந்தால் பெரும்பாலும் தடையில்லை. 8-ஐத் தாண்டினால், அதைக் குறைத்த பிறகே இம்ப்ளான்ட் வைக்கப் பல மருத்துவர்கள் ஒத்துக்கொள்வார்கள். புகைப்பவர்களுக்கு இம்ப்ளான்ட் எலும்போடு சேராமல் போகும் வாய்ப்பு அதிகம். வெற்றிலைப் பாக்கும் புகையிலையும் நெடுநாள் போட்டு, கன்னம் இறுகி, வாய் இரண்டு விரல்கூட நுழையாத அளவுக்குத் திறப்பவர்களுக்குக் கடைவாயில் கருவியை நேராக நிறுத்தவே இடமிருக்காது. ரூட் கேனாலும் அவர்களுக்குச் சிரமம்தான்.

எலும்புத் தேய்மானத்துக்கு அலெண்ட்ரோனேட் மாத்திரையோ, வருடம் ஒருமுறை போடும் ஜோலெட்ரானிக் ஊசியோ, 6 மாதத்துக்கு ஒருமுறை போடும் டெனோசுமாப் ஊசியோ எடுப்பவர்கள் அதை மறக்காமல் சொல்ல வேண்டும். பல் பிடுங்கிய இடம் ஆறாமல் தாடை எலும்பு வெளியே தெரியும் ஆபத்து உண்டு. புற்றுநோய்க்காக இவற்றை அதிக அளவில் போடுபவர்களுக்கு அந்த ஆபத்து பல மடங்கு. கழுத்துக்கும் தாடைக்கும் கதிர்வீச்சு பெற்றவர்களும் இப்படியே. இவர்களுக்கு மோசமான பல்லையும் முடிந்தவரை ரூட் கேனால் செய்து வேரை உள்ளேயே விட்டுவைப்பது பாதுகாப்பு. ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். செயற்கை இதய வால்வு இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள், சிகிச்சைக்கு ஒரு மணி நேரத்துக்கு முன் ஆன்டிபயாடிக் தேவைப்படும்.

தாடை வளர்ச்சி முடியாத பிள்ளைகளுக்கு இம்ப்ளான்ட் வைக்கக் கூடாது. மற்ற பற்கள் தாடையோடு வளர்ந்து மேலே வரும், இம்ப்ளான்ட் வைத்த இடத்திலேயே தங்கிப் பள்ளமாகிவிடும். பெண்ணுக்கு 18, ஆணுக்கு 20, 21 வயது வரையாவது பொறுக்க வேண்டும்.

காப்பாற்றுவது என்று முடிவானால்

வேலை தொடங்குமுன் பல்லின் மேல் ரப்பர் ஷீட் மாட்டுகிறார்களா என்று பாருங்கள். எச்சில் உள்ளே போகாமல் தடுப்பது அதுதான். கால்வாயைக் கழுவும் சோடியம் ஹைப்போகுளோரைட் வாய்க்குள் சிந்தாமல் காப்பதும், சிறு ஊசி தொண்டைக்குள் விழாமல் பிடிப்பதும் அதுவே. ஹைப்போகுளோரைட் இல்லாமல் சலைன் (உப்புநீர்) மட்டும் விட்டுக் கழுவினால் கிருமி மிச்சமிருக்கும்.

முடிந்த பிறகு வலி போய்விடும் என்பதால் பலர் கேப்பை மறந்துவிடுகிறார்கள். கடைவாய்ப்பல்லில் பெரிய தவறு இதுதான். மேலே இருக்கும் தற்காலிக சிமெண்ட் சில வாரங்களில் கசியும், எச்சில் உள்ளே இறங்கும். இல்லையென்றால் ஒருநாள் முறுக்கோ எலும்போ கடிக்கும்போது பல் இரண்டாகப் பிளக்கும். ஒரு மாதத்துக்குள் கேப் போட்டாக வேண்டும். அதுவரை அந்தப் பக்கம் மெல்லக் கூடாது. 6 மாதத்தில் ஒன்று, ஒரு வருடத்தில் ஒன்று என எக்ஸ்ரே எடுத்து, கருப்பு சுருங்குகிறதா என்று பார்க்க வேண்டும்.

எடுப்பது என்று முடிவானால்

பல்லைப் பிடுங்கும் முன்பே அடுத்தது என்ன என்று முடிவு செய்யுங்கள். பிடுங்கிய முதல் வருடத்தில் அந்த இடத்தின் எலும்பு அகலத்தில் பாதி வரை குறைந்துவிடலாம், அதில் பெரும்பகுதி முதல் மூன்று மாதத்திலேயே போய்விடும். இரண்டு வேரையும் தனித்தனியாக அறுத்து, கன்னப்பக்க எலும்புச் சுவர் உடையாமல் எடுக்கச் சொல்லுங்கள். உடனே இம்ப்ளான்ட் வைக்காவிட்டால், குழிக்குள் எலும்புத்தூள் நிரப்பி மூடலாமா என்று கேளுங்கள்.

இம்ப்ளான்ட் என்பது டைட்டானியத் திருகு. டைட்டானியம் எலும்போடு ஒட்டிப் பிடிப்பதை ஸ்வீடனின் பெர்-இங்வார் பிரோனெமார்க் 1952-இல் முயல் எலும்பில் கவனித்தார், 1965-இல் முதல் மனிதருக்கு வைத்தார். அந்த ஒட்டுக்காகத்தான் இன்றும் கீழ்த்தாடையில் சுமார் 3 மாதம், மேல்தாடையில் 4 முதல் 6 மாதம் காத்திருக்கிறோம். வைக்குமுன் முப்பரிமாண ஸ்கேன் எடுத்தாக வேண்டும். கீழ்த்தாடைக்குள் ஓடும் நரம்புக்குழாய்க்கு 2 மி.மீ. மேலே திருகு நிற்க வேண்டும், பக்கத்துப் பல்லின் வேரிலிருந்து 1.5 மி.மீ. தள்ளியிருக்க வேண்டும். மரத்துப்போகும் ஊசியின் வேலை சில மணி நேரத்தில் தீர்ந்துவிடும். மறுநாள் காலையிலும் கீழுதடு மரத்தே இருந்தால், 'சரியாகிவிடும்' என்று காத்திருக்காமல் அப்போதே மருத்துவரைக் கூப்பிடுங்கள். திருகை உடனே தளர்த்தினாலோ எடுத்தாலோ நரம்பு மீள வாய்ப்பு உண்டு, நாள் போகப்போக அது குறையும்.

இம்ப்ளான்ட்டின் மேல் கேப்பைச் சிறு திருகு மூலம் பூட்டுவது, சிமெண்ட்டால் ஒட்டுவது என்று இரண்டு முறை. கடைவாயில் திருகு முறையே நல்லது என்பது எங்கள் கருத்து. ஈறுக்கு அடியில் பிதுங்கிய சிமெண்ட் துணுக்கு கண்ணுக்குப் படாமல் தங்கிச் சீழ் உண்டாக்கும். திருகு முறையில் தளர்ந்தாலும் கழற்றி இறுக்கலாம். வேலை முடிந்ததும் இம்ப்ளான்ட்டின் கம்பெனி, விட்டம், நீளம், தொகுதி எண் எழுதிய அட்டையைக் கேட்டு வாங்கி, ஆதார் அட்டை வைக்கும் இடத்தில் வையுங்கள். ஒவ்வொரு கம்பெனித் திருகுக்கும் தனிச் சாவி. 8 வருடம் கழித்து வேறு ஊரில் தளர்ந்தால், அந்த அட்டை இல்லாமல் எந்தச் சாவி என்று தேடுவதே பெரும்பாடு.

சொந்தப் பல்லில் கல் கடிபட்டால் உடனே தெரிந்து வாய் நின்றுவிடும். இம்ப்ளான்ட்டில் அந்த உணர்வு மந்தம், அதனால் கடியின் உயரத்தைச் சற்றுக் குறைத்து வைப்பார்கள். பக்கத்துப் பல் வருடக்கணக்கில் மெல்ல நகர்வதால் நடுவே இடைவெளி விழுந்து உணவு சிக்குவதும் சகஜம். பல்லிடுக்கில் விடும் இடைப் பிரஷை தினமும் போட வேண்டும். பிரஷ் படும்போது ரத்தம் வந்தால் அது தொடக்க எச்சரிக்கை.

நன்றாகச் செய்தால் ரூட் கேனால் செய்த பல், இம்ப்ளான்ட் இரண்டும் பத்து வருடத்துக்குப் பிறகும் பத்தில் ஒன்பதுக்கு மேல் வாயில் இருக்கின்றன. ஆகவே வருடக் கணக்கு முடிவைச் சொல்லாது. செலவில் ரூட் கேனாலும் கேப்பும் சேர்ந்தாலும் இம்ப்ளான்ட்டைவிடப் பெரும்பாலும் குறைவு. விலை கேட்கும்போது ஸ்கேன், எலும்புத்தூள், மேலே வரும் கேப் எல்லாம் சேர்ந்ததா என்று எழுதி வாங்குங்கள். 'திருகு மட்டும்' சொன்ன விலை பிறகு ஏறும். பணம் இடித்தால் சென்னை அரசு பல் மருத்துவக் கல்லூரி போன்ற கல்லூரி மருத்துவமனைகளில் ரூட் கேனால் குறைந்த செலவில் நடக்கும், நாள் மட்டும் கூடுதலாகும்.

'காப்பாற்ற முடியாது' என்று ஒருவர் சொன்னால் காரணம் கேளுங்கள்: சுவர் இல்லையா, விரிசலா, எலும்பா? மூன்றில் எது என்று தெளிவாகச் சொன்னால் நம்பலாம். 'எப்படியும் ஒருநாள் போகும்' என்பது மட்டும் பதில் என்றால், எக்ஸ்ரே நகலோடு ரூட் கேனால் நிபுணர் ஒருவரைப் பாருங்கள்.

அப்படியும் இரண்டுங்கெட்டானாக நின்றால் அவசரப்பட வேண்டாம். கால்வாயைச் சுத்தம் செய்து, கால்சியம் ஹைட்ராக்சைடு மருந்து வைத்து, திடமான தற்காலிக சிமெண்ட்டால் மூடி, பல் கடியில் படாதபடி சற்றுத் தேய்த்து விடச் சொல்லுங்கள். ஆறு வாரத்திலும் மூன்றாவது மாதத்திலும் மில்லிமீட்டர் குறி போட்ட அந்தக் கம்பியால் அதே இடத்தில் மறுபடி அளக்கட்டும். சீழ்க்கொப்புளம் மறைந்து, 9 இருந்த இடம் 4-க்கு வந்திருந்தால் கால்வாயை அடைத்துக் கேப்புக்கு அளவு எடுக்கலாம். 9 அப்படியே நின்றால் பல்லை எடுக்க நாள் குறித்துவிடலாம்.